மாறாத சுமைக்கு மூன்று வருட ஒப்பந்தமா? முதலில் பில்லைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மென்பொருள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடுகிறது. 14 ஈசி2 (வாடகை) சர்வர்கள், ஆர்டிஎஸ் என்ற டேட்டாபேஸ் சேவையில் 4 விசிபியு (மெய்நிகர் சிபியு) கொண்ட ஒரு போஸ்ட்கிரெஸ் 11 டேட்டாபேஸ், பின்னணியில் வரிசையிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் சில வொர்க்கர்கள். இரவு, பகல், விடுமுறை என்று எந்த நேரமும் ஏறக்குறைய ஒரே சுமைதான். எல்லாமே ஆன்-டிமாண்ட் விலையில், அதாவது ஒப்பந்தம் இல்லாமல் ஓடும் நேரத்துக்குக் கட்டும் முழு விலையில் ஓடுகின்றன. மாத பில் 6,000 டாலர்: ஈசி2 3,650, ஆர்டிஎஸ் 1,100, மீதி டிஸ்க், நெட்வொர்க், லாக். மூன்று வருடத்துக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் 60 சதவீதத்துக்கு மேல் மிச்சம் என்கிறார் எங்கள் நிதி அலுவலர். டெவலப்பர்களில் ஒருவர் ஸ்பாட்டுக்கு (உபரி சர்வர்களை மலிவாகத் தரும் வகை) போகலாம் என்கிறார். இன்னொருவர் லாம்டாவுக்கு (சர்வர் இல்லாமல், கோடு ஓடும் நேரத்துக்கு மட்டும் கட்டும் சேவை) மாற்றி எழுதலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நிதி அலுவலர் சொல்வது பாதி சரி. வருடம் முழுக்க ஒரே சுமையில் ஓடும் சர்வருக்கு ஆன்-டிமாண்ட் விலை கொடுப்பது வீண் செலவுதான். ஒப்பந்தம் போடத்தான் வேண்டும். ஆனால் இன்றைய நிலையிலேயே போட்டால், இன்றைய வீண் செலவையும் சேர்த்து மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும். முதலில் குறைக்க வேண்டும், அப்புறம்தான் ஒப்பந்தம். வரிசை மாறினால் எவ்வளவு போகும் என்று கீழே கணக்கே போட்டுக் காட்டுகிறேன். விலைகள் எல்லாம் வட வர்ஜீனியா ரீஜியனின் பட்டியல் விலை, லினக்ஸுக்கு. உங்கள் ரீஜியனில் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது போஸ்ட்கிரெஸ் 11. அந்தப் பதிப்புக்கு ஆர்டிஎஸ்ஸில் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் எக்ஸ்டெண்டட் சப்போர்ட் என்ற பெயரில் தனிக் கட்டணம் விழுகிறது. முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு விசிபியுவுக்கு மணிக்கு 0.10 டாலர். 4 விசிபியு, மாதம் 730 மணி நேரம் என்றால் 292 டாலர். மூன்றாம் வருடத்தில், அதாவது 2026 ஏப்ரல் 1 முதல், கட்டணம் இரட்டிப்பு. ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் (வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டுத் தள்ளுபடி பெறும் வகை) வாங்கினாலும் இந்தக் கட்டணம் பில்லில் அப்படியேதான் இருக்கும். ஆக, உங்கள் ஆர்டிஎஸ் செலவில் கால் பங்குக்கு மேல் பதிப்பை உயர்த்தினாலே போய்விடும், எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

உயர்த்தும்போது நேரடியாக புரொடக்‌ஷனில் கை வைக்காதீர்கள். ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து நகல் எடுத்து அதை முதலில் உயர்த்திப் பாருங்கள். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மாற்றங்களை வேறு இடத்துக்கு அனுப்பும் அமைப்பு) ஏதாவது மிச்சமிருந்தால் ஆர்டிஎஸ்ஸின் முன்சோதனையே நின்றுவிடும். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற எக்ஸ்டென்ஷன்கள் பழைய பதிப்பில் இருந்தாலும் அப்படித்தான். உயர்த்தி முடித்ததும் எல்லா டேட்டாபேஸிலும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். பெரும்பாலான பதிப்புகளில் பழைய புள்ளிவிவரம் கூடவே வராது. தரவை எந்த வழியில் தேடுவது என்று முடிவு செய்யும் பிளானருக்கு எந்த டேபிள் எவ்வளவு பெரியது என்றே தெரியாமல் முழு டேபிளையும் படிக்க ஆரம்பிக்கும். ‘அப்கிரேட் பண்ணதுலேர்ந்து எல்லாமே ஸ்லோ’ என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு கட்டளையில் அடங்கிவிடும்.

அடுத்து ஈசி2. ஏடபிள்யூஎஸ்ஸின் கம்ப்யூட் ஆப்டிமைசர் கருவியைத் திறந்தால் எந்த சர்வர் தேவைக்கு மேல் பெரியது என்று சொல்லும். ஆனால் அதை அப்படியே நம்பி இறங்காதீர்கள். அது வழக்கமாகப் பார்ப்பது கடைசி 14 நாள் மட்டும். மாதக் கடைசியில் நீங்கள் ஓட்டும் பெரிய அறிக்கை அந்த 14 நாளுக்குள் விழாமல் போயிருக்கலாம். இன்னொன்று, சர்வருக்குள் கிளவுட்வாட்ச் ஏஜென்ட் (கண்காணிப்பு நிரல்) போடவில்லை என்றால் அதற்கு மெமரி பயன்பாடு தெரியவே தெரியாது. சிபியு 8 சதவீதம்தான் என்று பார்த்துவிட்டு பாதி அளவுக்கு இறக்கினால், மெமரி தீர்ந்து கெர்னல் உங்கள் செயலியையே கொன்றுவிடும். எனவே முதல் வேலை 14 சர்வரிலும் ஏஜென்ட். ஒரு முழு மாதம் போகட்டும். பிறகு சராசரியைப் பார்க்காமல் 99வது பெர்சன்டைலையும் (நூற்றில் 99 அளவீடுகள் இதைத் தாண்டாது) உச்சத்தையும் பாருங்கள். உச்சத்திலும் சிபியு 40 சதவீதத்தைத் தாண்டாமல், மெமரியும் பாதிக்குக் கீழே இருந்தால் ஒரு படி இறக்கலாம். ஜாவா செயலி என்றால் மெமரி எண் ஏமாற்றும்: ஹீப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீர்களோ அவ்வளவையும் எடுத்து வைத்துக்கொள்ளும். குப்பை சேகரிப்புக்குப் பிறகு மிஞ்சும் அளவுதான் உண்மையான தேவை.

ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் இறக்குங்கள். அளவை மாற்ற சர்வரை நிறுத்தித் திரும்ப இயக்க வேண்டியிருக்கும். எலாஸ்டிக் ஐபி (நிலையான முகவரி) இல்லாத பொது ஐபி அப்போது மாறிவிடும், இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் (சர்வரோடு வரும் தற்காலிக டிஸ்க்கில்) உள்ள தரவு அழிந்துவிடும். டி2, எம்4 போன்ற பழைய தலைமுறையிலிருந்து புதியதற்குப் போகிறீர்கள் என்றால் டிஸ்க்கின் பெயரே மாறும். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயருக்குப் பதில் யுயுஐடி (மாறாத அடையாள எண்) எழுதியிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள், இல்லையேல் சர்வர் எழுந்தே வராது.

டி3 சர்வர்கள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பாருங்கள். மலிவு என்று பலரும் எடுப்பது இதைத்தான், ஒரே சுமை ஓடும் இடத்தில் கையைக் கடிப்பதும் இதுதான். டி3.லார்ஜின் விலை மணிக்கு 0.0832 டாலர், அதே அளவுள்ள எம்5.லார்ஜ் 0.096. ஆனால் டி3.லார்ஜில் இரண்டு விசிபியுவும் தலா 30 சதவீதம் வரைதான் அந்த விலைக்கு ஓடும். அதற்கு மேல் தொடர்ந்து ஓடினால், அன்லிமிடெட் முறையில், கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு விசிபியு-மணிக்கும் 0.05 டாலர். டி3 அந்த முறையில்தான் தொடங்கும். யாரும் இயக்கி விட வேண்டியதில்லை. சராசரி 60 சதவீதத்தில் ஓடுகிறது என்று வையுங்கள்: 30 சதவீதம் கூடுதல், இரண்டு விசிபியு, ஆக 0.6 விசிபியு-மணி, அதற்கு 0.03 டாலர். மொத்தம் மணிக்கு 0.1132. எம்5.லார்ஜை விட மாதம் பன்னிரண்டரை டாலர் அதிகம், ஒரு சர்வருக்கு. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 42.8 சதவீதம். உங்கள் சராசரி அதற்கு மேல் என்றால் டி3-ஐ விட்டுவிடுங்கள்.

ஏஆர்எம் சில்லில் ஓடும் கிராவிட்டன் சர்வர்களையும் இதே சமயத்தில் முயன்று பாருங்கள். எம்6ஜி.லார்ஜ் மணிக்கு 0.077 டாலர், எம்5.லார்ஜை விட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. பைத்தான், நோட், ஜாவா, கோ போன்றவற்றில் எழுதியது பெரும்பாலும் தொல்லையின்றி ஓடும். டாக்கர் இமேஜை ஏஆர்எம்64-க்கு மறுபடி பில்டு செய்ய வேண்டும். சிக்கல் வருவது சி மொழியில் எழுதிய உள் லைப்ரரிகளிலும், இன்டெல்லுக்கு மட்டுமே கிடைக்கும் கண்காணிப்பு ஏஜென்ட்களிலும்தான். வொர்க்கர்களில் தொடங்கினால் தவறு நடந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது.

மீதமுள்ள 1,250 டாலரைச் சல்லடை போட்டுத் தேடுங்கள். அதில் யாரும் கவனிக்காத செலவுகள் கிடக்கும். டிஸ்க்குகள் இன்னும் ஜிபி2 வகை என்றால் ஜிபி3-க்கு மாற்றலாம். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 0.10 டாலர் 0.08 ஆகும். ஆனால் பெரிய டிஸ்க்கில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். 2,000 ஜிகாபைட் ஜிபி2 டிஸ்க்குக்கு 6,000 ஐஓபிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற எண்) நொடிக்கு 250 மெகாபைட் வேகமும் தானாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. ஜிபி3 எந்த அளவானாலும் 3,000 ஐஓபிஎஸ், 125 மெகாபைட் என்றுதான் தொடங்கும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு பேக்கப் ஓடும்போது டிஸ்க் திணறும். விடுபட்ட 3,000 ஐஓபிஎஸ்ஸுக்கு 15 டாலர், 125 மெகாபைட்டுக்கு 5 டாலர் சேர்த்து வாங்குங்கள்: 200 டாலர் டிஸ்க் 180 ஆகும், வேகமும் குறையாது.

உள் சர்வர்களை வெளி இணையத்தோடு இணைக்கும் நாட் கேட்வே ஒன்றுக்கு மணிக்கு 0.045 டாலர், அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் இன்னொரு 0.045. பிரைவேட் சப்நெட்டில் (வெளியிலிருந்து நேரே அணுக முடியாத உள் நெட்வொர்க்கில்) உள்ள சர்வர்கள் அதே ரீஜியனில் உள்ள எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புக்குப் பேசுவதற்கும் இந்தக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். மாதம் 5,000 ஜிகாபைட் போனால் 225 டாலர். எஸ்3-க்கான கேட்வே எண்ட்பாயின்ட் (நாட் கேட்வேயைத் தவிர்க்கும் நேர்வழி) இலவசம். ரூட் டேபிளில் சேர்த்தால் போதும். கன்டெய்னர் இமேஜ்களின் கிடங்கான இசிஆரிலிருந்து இறங்கும் அடுக்குகளும் எஸ்3-யிலிருந்தே வருவதால் அந்தச் செலவும் கூடவே குறையும். இரண்டு எச்சரிக்கை: சேர்க்கும் கணத்தில் எஸ்3-உடன் திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடும், ஆகவே பேக்கப் ஓடாத நேரம் பாருங்கள். பக்கெட் பாலிசியில் (எஸ்3-க்கான அனுமதி விதியில்) நாட் கேட்வேயின் பொது ஐபியை வைத்து அனுமதி எழுதியிருந்தால் அது பொருந்தாமல் போய் அனுமதி மறுக்கப்படும். எண்ட்பாயின்ட் ஐடியை வைத்து மாற்றி எழுதுங்கள்.

லாக் செலவைக் குறைக்கிறேன் என்று சேமிப்பு நாட்களைக் குறைப்பார்கள். அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கிளவுட்வாட்ச்சில் காசு போவது லாக் உள்ளே வரும்போது: ஒரு ஜிகாபைட்டுக்கு 0.50 டாலர். டீபக் நிலையில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு சர்வீஸைக் கண்டுபிடித்து இன்ஃபோ நிலைக்கு மாற்றினால் வித்தியாசம் அந்த வாரமே தெரியும்.

பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.65. கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்குப் பொது ஐபி எதற்கு? எந்த சர்வரோடும் இணையாத டிஸ்க்குகள், என்றோ எடுத்த ஸ்னாப்ஷாட்கள் இவற்றையும் பார்த்துவிடுங்கள். 14 சர்வரில் சோதனைக்கானவை இருந்தால், வாரத்தின் 168 மணி நேரத்தில் வேலை நாட்களின் 60 மணி நேரம் மட்டும் ஓட விடுங்கள். அவற்றை ஒப்பந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

இனி டெவலப்பர்கள் இருவரும் சொன்னது. ஸ்பாட் விலை 90 சதவீதம் வரைகூடக் குறையும், ஆனால் இரண்டு நிமிட முன்னறிவிப்பில் சர்வரைப் பிடுங்கிக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சர்வர்களை அதில் வைக்காதீர்கள். உங்கள் வொர்க்கர்களுக்கு ஸ்பாட் மிகவும் பொருந்தும், மூன்று விஷயம் சரியாக இருந்தால்: ஒரு வேலை இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் அல்லது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் பணம் இரண்டு முறை கழியக் கூடாது, ஐந்தாறு இன்ஸ்டன்ஸ் வகைகளையாவது ஏற்கும்படி குழு அமைத்திருக்க வேண்டும். ஒரே வகையை மட்டும் கேட்டால், அது தீரும் நாளில் எல்லா வொர்க்கரும் ஒன்றாகப் போய்விடும்.

லாம்டா யோசனையை உங்கள் சுமைக்கு நான் ஏற்க மாட்டேன். 1 ஜிகாபைட் மெமரி ஒரு நொடி ஓட 0.0000166667 டாலர். பார்க்க ஒன்றுமே இல்லை போல இருக்கும். எம்5.லார்ஜில் உள்ள 8 ஜிகாபைட்டை ஒரு மாதம் இடைவிடாமல் ஓட்டினால் 350 டாலர். எம்5.லார்ஜ் 70 டாலர். நாளில் சில நிமிடம் மட்டும் விழித்தெழும் வேலைக்கு லாம்டா அருமையானது. உங்களுடையது தூங்குவதே இல்லை.

குறைப்பு வேலை முடிய இரண்டு மாதம் ஆகலாம். அதன் பிறகுதான் ஒப்பந்தம். உங்களுக்குப் பொருந்துவது கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான். இதில் நீங்கள் எந்த சர்வரையும் வாங்குவதில்லை. ‘மணிக்கு இத்தனை டாலர் செலவழிப்பேன்’ என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். ஈசி2, ஃபார்கேட் (கன்டெய்னர்களை ஓட்டும் சேவை), லாம்டா மூன்றுக்கும், எந்தக் குடும்பம் (எம்5, எம்6ஜி போன்ற சர்வர் வகை), எந்த ரீஜியன் ஆனாலும் பொருந்தும். ஆகவே பின்னால் இன்டெல்லிலிருந்து கிராவிட்டனுக்கு மாறினாலும் வீணாகாது. ஈசி2 இன்ஸ்டன்ஸ் சேவிங்ஸ் பிளான் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி தரும், ஆனால் ஒரு குடும்பத்தோடும் ஒரு ரீஜியனோடும் கட்டிப்போட்டுவிடும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வாக்குக் கொடுக்கும் தொகை தள்ளுபடிக்குப் பிந்தைய விலையில் கணக்காகும். உங்கள் ஈசி2 செலவு 3,650-ஐ 730-ஆல் வகுத்தால் மணிக்கு 5 டாலர். பயன்பாடு 5 டாலர்தானே என்று 5 டாலருக்கே வாக்குக் கொடுத்தால்? தள்ளுபடி 28 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பயன்பாட்டுக்குத் தேவை 3.60 மட்டும். மீதி 1.40 ஒவ்வொரு மணி நேரமும் வீணாகிறது; அடுத்த மணிக்கு எடுத்துப் போக முடியாது. மொத்தத்தில் பழைய 5 டாலரையே கட்டுவீர்கள், ஒரு சென்ட்கூட மிச்சமில்லை, கூடவே எளிதில் வெளியேற முடியாத ஒப்பந்தம்.

இப்போது வரிசையைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் கணக்கு. இன்றே சரியாக 3.60-க்குப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பிறகு அளவைக் குறைத்து, கிராவிட்டனுக்கு மாறி, வொர்க்கர்களை ஸ்பாட்டுக்கு அனுப்பியதும் ஆன்-டிமாண்ட் மதிப்பு 3.50-க்கு இறங்குகிறது. ஸ்பாட்டுக்கு சேவிங்ஸ் பிளான் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த 3.50-க்குத் தேவைப்படும் வாக்கு 2.52. மணிக்கு 1.08, மாதம் 788 டாலர் காற்றில் போகும். குறைத்த வேலை அத்தனையும் வேறு யாருக்கோ செய்ததாகிவிடும்.

சரியான தொகையை இப்படிக் கண்டுபிடியுங்கள். செலவைக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் கருவியில் மணிவாரித் தகவலை இயக்கி, குறைப்பு முடிந்த பிறகான இரண்டு வாரத்தில் மிகக் குறைந்த மணி நேரத்தின் செலவை எடுங்கள். 3.20 என்று வருகிறதா? அதில் 80 சதவீதம் 2.56, 28 சதவீதத் தள்ளுபடி கழித்தால் 1.84. அந்த 1.84-க்குத்தான் முதல் வாக்கு. தானாக வரும் பரிந்துரை கடந்த 7, 30 அல்லது 60 நாளை வைத்துச் சொல்வது. அது பின்னால் மட்டுமே பார்க்கும், அடுத்த மாதம் நீங்கள் நிறுத்தப்போகும் சர்வர் அதற்குத் தெரியாது.

வருடம் ஒன்றா, மூன்றா? சதவீதத்தைப் பார்க்காமல் மாதத்தைப் பாருங்கள். 28 சதவீதத் தள்ளுபடியில் ஒரு வருடம் என்றால், 12 மாதத்தில் 72 சதவீதம், அதாவது எட்டரை மாதத்துக்குச் சற்று மேல் அந்தச் சுமை இருந்தாலே போட்டது திரும்பிவிடும். பிறகு முழுவதும் நின்றாலும் நஷ்டமில்லை. 50 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் அந்த எல்லை 18 மாதம். உங்கள் மென்பொருள் இதே அளவில் 18 மாதம் நிச்சயம் இருக்குமா என்று நிதி அலுவலரிடமே கேளுங்கள். அவர் சொன்ன 60-க்கு மேற்பட்ட சதவீதம் விளம்பரத்தில் வரும் ‘வரை’ என்ற எண். கம்ப்யூட் சேவிங்ஸ் பிளானில் உச்சம் 66, அதுவும் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் கிடைக்காது. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டுவதால் கிடைக்கும் கூடுதல் தள்ளுபடி சில சதவீதம்தான். உங்கள் அளவு நிறுவனத்துக்குக் கையில் இருக்கும் பணமே பெரிது. ஒரு வருடம், முன்பணம் இல்லாத வகை: என் பரிந்துரை இதுவே.

ஆர்டிஎஸ்ஸுக்கு கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் பொருந்தாது. தனியாக ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் வாங்குங்கள். பதிப்பை உயர்த்தி, இன்ஸ்டன்ஸ் குடும்பத்தை முடிவு செய்த பிறகு வாங்குவது முக்கியம். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ஒரே குடும்பத்துக்குள் அளவு மாறினால் பரவாயில்லை, குடும்பமே மாறினால் வாங்கியது சும்மா கிடக்கும். ஈசி2-வின் ஸ்டாண்டர்டு ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸை மற்றவருக்கு விற்க ஒரு சந்தை இருக்கிறது. ஆர்டிஎஸ்ஸுக்கு அது இல்லை.

வேறு கிளவுட்களிலும் சேவைகள் வைத்திருந்தால்: கூகுள் கிளவுடில் என்1, என்2 வகைகளுக்கு மாதம் முழுக்க ஓடினாலே தானாகத் தள்ளுபடி விழும், இ2-வுக்கு விழாது. அஜூரில் சர்வருக்குள்ளிருந்து ஷட்-டவுன் கொடுத்தால் கட்டணம் நிற்காது. போர்ட்டலில் டீஅலோகேட் ஆனதாகக் காட்ட வேண்டும்.

கிளவுடை விட்டே வெளியேறலாமா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். பேஸ்கேம்ப் மென்பொருளை உருவாக்கிய 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022-ல் அப்படி அறிவித்து, சொந்த சர்வர்களுக்கு மாறியது. அவர்களுடைய பில் வருடத்துக்குப் பல பத்து லட்சம் டாலர், சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். உங்கள் 6,000-ல் குறைக்க வேண்டியதைக் குறைத்த பிறகு மிஞ்சும் தொகையில், டிஸ்க் போனால் நடுராத்திரி மாற்ற ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது. மாதம் பத்துப் பதினைந்து டெராபைட் ஏடபிள்யூஎஸ்ஸிலிருந்து வெளியே இணையத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும், ஏனெனில் ஜிகாபைட்டுக்கு 0.09 டாலர் வீதம் 10 டெராபைட்டுக்கே 900 டாலர். அப்போதும் முதலில் முன்னால் ஒரு சிடிஎன் (பயனருக்கு அருகில் நகல் வைத்துத் தரும் சேவை) வைத்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் போட்டபின் மாதம் ஒருமுறை இரண்டு எண்களைப் பாருங்கள். யூடிலைசேஷன், அதாவது கொடுத்த வாக்கில் பயன்பட்ட சதவீதம், 100-க்கு அருகில் இருக்க வேண்டும். 95-க்குக் கீழே வந்தால் சுமை குறைந்திருக்கிறது என்று பொருள். கவரேஜ், அதாவது மொத்தப் பயன்பாட்டில் பிளானுக்குள் வரும் சதவீதம், 75, 80-ல் நின்றால் போதும், 100-ஐத் துரத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்து யூடிலைசேஷன் குறையாமலே இருந்தால் மணிக்கு இன்னொரு 0.30 அளவுக்குச் சிறிய பிளான் சேருங்கள். இப்படிப் பிரித்துப் போட்டால் முடியும் தேதிகளும் வேறு வேறாக விழும். சேவிங்ஸ் பிளான் தானாகப் புதுப்பிக்கப்படாது. முடிந்த மறு மணி நேரமே சத்தமில்லாமல் ஆன்-டிமாண்ட் விலைக்குத் திரும்பிவிடும். வாங்கும் அன்றே முடியும் தேதிக்கு 30 நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் போட்டு, அதில் நிதி அலுவலரையும் சேர்த்துவிடுங்கள்.